தோலை ஓட்டிய பெட்டி

ஆம்பூரில் டைட்டஸ் வீட்டில் இருந்த டி.வி.டி. பிளேயர் எந்த டிஸ்க்கையும் ஓட்டாது. தோலை மட்டும் ஓட்டும். 2003 பிப்ரவரியில் நிசார் அஹமது கடையில் வாங்கியது. முன்பக்கத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் டி.வி.டி., வி.சி.டி., ஆடியோ சி.டி., எம்.பி.3, போட்டோ சி.டி. எல்லாம் ஓடும் என்று அச்சடித்திருந்தது. ஒன்றும் ஓடவில்லை. எதைப் போட்டாலும் நீலத்திரையில் ‘நோ டிஸ்க்’ என்று வந்து நின்றது. நிசார் அஹமது மூன்று முறை வீட்டுக்கே வந்து லென்ஸ் மாற்றினார். முதல் முறை, திருட்டுக் காப்பி, அதனால்தான் எடுக்கவில்லை என்றார். ஒரிஜினல் வாங்கிப் போட்டதற்கு, இது வெளிநாட்டு ஒரிஜினல், ஏரியா நம்பர் வேறே என்றார். டைட்டஸின் கல்யாண வி.சி.டி.யைப் போட்டபோது, எழுதினவன் அவசரத்தில் எழுதியிருக்கிறான் என்றார். டைட்டஸின் மனைவி ஹெப்சி, ஷூ கம்பெனியில் நாளெல்லாம் மெஷின் மிதித்துவிட்டு வந்தவள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: “அப்ப இதுக்கு இன்னாதான் பாய் ஒத்துக்கும்? கொஞ்சம் சாம்பார் ஊத்திப் பார்க்கட்டுமா?”

டைட்டஸ் பாலாற்றங்கரை டேனரியில் பதினாலு வயதில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கியவன். இருபது வருடம் தோல் இழுத்து முதுகு போன பிறகு அவனை சாம்பிள் மேஜையில் உட்கார வைத்தார்கள். ஒவ்வொரு லாட்டிலிருந்தும் ஒரு துண்டு வெட்டி நம்பர் போட்டு ஆபீசுக்கு அனுப்புவது வேலை. டேனரிக்காரர்கள் எதைத் துடைப்பதானாலும் துணியைத் தேடமாட்டார்கள். மூக்குக்கண்ணாடியிலிருந்து சைக்கிள் செயின் வரைக்கும் மெல்லிய தோல்தான். அந்த வழக்கத்தில் டைட்டஸ், லென்சில் தூசிதான் அடைத்திருக்கிறது என்று முடிவு கட்டி, வீணாய்ப்போன ஒரு டிஸ்க்கை அளவு வைத்து ஆட்டுத்தோலை வட்டமாக வெட்டினான். நடுவில் ஓட்டையும் போட்டான். பழைய வீடியோ டெக்கில் ஹெட் கிளீனர் கேசட் போடுவார்களே, அதைப் போல இதுவும் உள்ளே சுற்றித் துடைத்துவிட்டு வரும் என்பது கணக்கு. தட்டு உள்ளே போனது. நீலத்திரை விலகியது. ஒரு மலைச்சரிவும் அதில் மேயும் ஆடுகளும் தெரிந்தன. ஹெப்சி வெங்காயம் அரிவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். “இன்னா படம் இது?” என்றாள். ஆடு படம் என்றான் டைட்டஸ்.

எது ஓடும், எது ஓடாது என்பது இரண்டு மாதத்தில் பிடிபட்டுவிட்டது. குரோம் போட்டுப் பதனிட்ட தோல் படமும் சத்தமுமாக ஓடும். ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்டது சத்தம் மட்டும். திரை கறுப்பாகவே இருக்கும். இரண்டாகப் பிளந்த தோல் விட்டுவிட்டு ஓடும். ரெக்ஸின் ஓடவே ஓடாது, அதற்கு ‘நோ டிஸ்க்’தான். எல்லாத் தோலும் எழுபத்துநாலு நிமிடம். குட்டியாய் விழுந்ததிலிருந்து அறுபடும் வரைக்கும் ஆடு பார்த்ததெல்லாம் அதில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அந்தத் தெருவே வந்து உட்கார்ந்தது. பக்கத்து வீட்டு மஹ்பூபி, ஆந்திரா பக்கத்து ஆடுதான் பச்சை பச்சையாகப் பார்த்திருக்கிறது, நம்ம ஊர் ஆடு போஸ்டரைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை என்று குறைப்பட்டாள். முடிவு எல்லாத் துண்டிலும் ஒன்றுதான் என்பதால், அறுபது நிமிடம் ஆனதும் பெண்கள் எழுந்து உலை வைக்கப் போய்விடுவார்கள். நிசார் அஹமது ஒருநாள் வந்து பார்த்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, ஸ்டிக்கரில் போட்டோ சி.டி.க்குக் கீழே ‘தோல்’ என்று எழுதி டிக் போட்டுவிட்டு, இனி என்மேல் கம்ப்ளெயின்ட் சொல்லக்கூடாது என்று சொல்லிப் போனார்.

அறுத்ததற்குப் பிறகும் ஓடுகிறது என்பதை நவம்பரில்தான் கண்டார்கள். அன்றைக்கு யாரும் எழுந்து போய் அணைக்கவில்லை. திரை கொஞ்ச நேரம் சிவந்து, சுண்ணாம்பில் வெளுத்து, டிரம்முக்குள் சுழன்று, பிறகு டேனரி முற்றம் தெரிந்தது. காயப்போட்ட கம்பின் உயரத்திலிருந்து பார்ப்பது போல. கீழே ஆட்கள் நடந்தார்கள். சூப்பர்வைசர் சமீருல்லா ஈரத்தில் வழுக்கி, டிரம்மின் விளிம்பில் வாயை மோதிக்கொண்டு எழுந்தார். முன்பல் ஒன்று இல்லை. எல்லாரும் சிரித்தார்கள். டைட்டஸ் மட்டும் சிரிக்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் பார்த்தபோதுகூட சமீருல்லாவுக்கு அந்தப் பல் இருந்தது. அடுத்த வியாழக்கிழமைதான் அவர் வழுக்கி விழுந்தார். துண்டு வெட்டிய பிறகும் லாட் கம்பில் தொங்கிக்கொண்டுதான் இருக்கும். லாரி ஏறும் வரைக்கும் அது பார்க்கப்போவதையும் துண்டு காட்டுகிறது என்று புரிந்தது. அதற்குப் பிறகு தெருவில் பாதிப் பேர் வருவதில்லை. மஹ்பூபி ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

2004 மார்ச் ஐந்தாம் தேதி, வெள்ளிக்கிழமை, டைட்டஸ் நானூற்றுப் பன்னிரண்டாம் லாட்டில் ஒரு துண்டு வெட்டிக் கொண்டுவந்தான். கழிவுத்தொட்டிக்கு எதிரே தொங்கிய லாட் அது. எழுபதாவது நிமிடத்தில் பம்பு ரூம் சுவரில் இருந்த கரும்பலகை தெரிந்தது: 9.3.2004, செவ்வாய். தொட்டி மூடியை இரண்டு பேர் நகர்த்தினார்கள். ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு ஏணியில் இறங்கினான். குனிந்து வேலை செய்யும்போது ஆடக்கூடாது என்று கழுத்தில் மாட்டிய நம்பர் டோக்கனை எல்லாரும் கயிற்றோடு முதுகுப்பக்கம் தள்ளிவிடுவார்கள். அந்தத் தகரத்தில் முப்பத்தேழு என்று இருந்தது. மற்றவர்கள் குனிந்து உள்ளே பார்த்தார்கள். பிறகு ஓடினார்கள். இறங்கியவன் ஏறவில்லை. கடைசி இரண்டு நிமிடம் திறந்த தொட்டியையே காட்டிவிட்டுத் துண்டு முடிந்தது.

முப்பத்தேழு ஆபேலின் நம்பர். ஹெப்சியின் தம்பி; இருபத்துநாலு வயது; அக்கா வீட்டிலேயே தங்கி, கான்ட்ராக்ட் ஆட்களோடு தொட்டி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். அப்போது அவனும் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

“மாமா, இன்னொருவாட்டி போடு,” என்றான். போட்டார்கள். “என் முதுகு இவ்ளோ அகலமா கீது?” என்றான்.

ஹெப்சி அவன் மண்டையில் ஒன்று போட்டாள். “செவ்வாக்கிழமை நீ படி தாண்டினே, காலை ஒடச்சிருவேன்.”

“ஆட்டுத்தோலு சொல்லிச்சின்னு லீவு கேட்டா மேஸ்திரி சிரிப்பான்க்கா.”

“சிரிக்கட்டும். அழுவுறதுக்கு நான் ஒருத்தி போதும்.”

சனிக்கிழமை டைட்டஸ் சமீருல்லாவிடம் போய் நின்றான். தொட்டியை ஒருநாள் முழுக்கத் திறந்து வைத்து, காற்றோட்டம் விட்டு, பிறகு ஆளை இறக்குங்கள் என்றான். சமீருல்லா நல்ல மனுஷன், தொழுகை தவறாதவர், போன பல்லின் இடத்தை நாக்கால் தடவிக்கொண்டே முழுதும் கேட்டார். “திறந்து வெச்சா பொல்யூஷன் ஆபீஸர்ங்க வந்து நிப்பாங்க டைட்டஸ், நாத்தம் ரோடு வரைக்கும் போவும்,” என்றார். “ஆனா நீ சொல்றதை நான் நம்புறேன். என் பல்லே சாட்சி.” அவருடைய யோசனை வேறு மாதிரி போயிற்று. தோல் பார்த்ததால்தான் நடந்தது. பார்க்கத் தோல் இல்லையென்றால் நடக்காது. அன்று மாலைக்குள் தொட்டிக்கு எதிரே தொங்கிய தோல்கள் அத்தனையையும் இறக்கி, நானூற்றுப் பன்னிரண்டைத் தார்ப்பாய் மூடி லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார். டைட்டஸ் வீட்டுக்கு வந்து அதே துண்டை மறுபடி போட்டான். எழுபதாவது நிமிடத்தில் இருட்டு. தார்ப்பாய் படபடக்கும் சத்தம் மட்டும். ஹெப்சி கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்றாள். முன்பாவது தொட்டியில் நடப்பது தெரிந்துகொண்டிருந்தது என்றான் டைட்டஸ்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஹெப்சி தம்பியை உள்ளே வைத்துப் பூட்டி, சாவியை ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டு கம்பெனிக்குப் போனாள். டைட்டஸ் டேனரிக்கு நடந்தான். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அங்கே ஒரு முறை உண்டு. வராதவனின் டோக்கனை ஏழு மணி சங்குக்குள் வாசல் ஆணியில் மாட்டிவிட வேண்டும். வெளியே வேலை கேட்டு நிற்பவன் எவனாவது அதைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போவான். அன்றைக்கு அவன் வேலை வராதவன் பேரில் ஏறும். சாயங்காலம் டோக்கன் ஆணிக்குத் திரும்பும். மாட்டாமல் விட்டால் நம்பர் கைமாறிவிடும், அதற்குப் பிறகு இடம் கிடையாது. ஆபேலின் இடம் போய்விடக்கூடாது என்று டைட்டஸ் முப்பத்தேழாம் டோக்கனைப் பையிலிருந்து எடுத்து ஆணியில் மாட்டினான். இருபது வருடத்தில் எத்தனையோ பேருக்கு மாட்டியிருக்கிறான். கை தானாகச் செய்தது.

பத்து மணிக்கு, சாம்பிள் துண்டில் நம்பர் எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் அவனுக்கு உறைத்தது. தோல் ஆபேலைக் காட்டவில்லை. முகம் தெரியவே இல்லை. தோல் காட்டியது முப்பத்தேழை. பேனாவைப் போட்டுவிட்டு ஓடினான். சாம்பிள் மேஜையிலிருந்து தொட்டிக்கு இருநூறு அடி. அவன் போனபோது மூடி திறந்திருந்தது. சமீருல்லா கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி நின்றார். “எறங்கினான், ஏறலே,” என்றார். டைட்டஸ் ஏணியில் கால் வைத்தான். சமீருல்லா பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடவில்லை. “நீயும் போவாதடா, நீயும் போவாதடா” என்று அவன் முதுகில் முகத்தை வைத்து அழுதார்.

ரிஜிஸ்டரில் முப்பத்தேழு என்றால் ஆபேல். அதனால் இறந்தவன் ஆபேல். புதன்கிழமை காலையில் ஆபீஸ் பியூன் பெரிய ரோஜா மாலையோடு வீட்டுக்கு வந்தான். கதவைத் திறந்தது ஆபேல். பியூன் அவனை மேலும் கீழும் பார்த்தான். கொண்டுவந்ததைத் திருப்பிக் கொண்டுபோக உத்தரவு இல்லை என்று அவன் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனான். ஆபேலின் டோக்கனைப் போட்டுக்கொண்டு இறங்கியவன் எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. ஜோலார்பேட்டையில் ரயில் இறங்கி வந்தவன் என்றார்கள், வாலாஜா பக்கம் என்றார்கள். டைட்டஸும் ஆபேலும் இரண்டு பக்கமும் போய் விசாரித்தார்கள். காணாமல் போனவர்கள் நிறைய இருந்தார்கள். இவன் யார் என்று சொல்ல ஆள் இல்லை. அவனைச் சபைக் கல்லறையிலேயே வைத்தார்கள். ஆபேல் முன்னால் நின்று தூக்கினான். அந்த மாலையை அவன்தான் போட்டான்.

சமீருல்லா தோல்களையெல்லாம் அகற்றியதில் ஒன்றை மறந்திருந்தார். பம்பு ரூம் ஆணியில் டைட்டஸின் பழைய தோல் ஏப்ரன் தொங்கியது, சுண்ணாம்புத் தொட்டிக் காலத்து எருமைத்தோல், ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்டது. டைட்டஸ் அதை வட்டமாக வெட்டிப் போட்டான். திரை கறுப்பு. எருமை அசைபோடும் சத்தம், பிறகு இருபது வருடத்து இருமல், வசவு, பாட்டு. கடைசியில் மூடி நகரும் சத்தம். “முப்பத்தேழு யாரு?” சமீருல்லாவின் குரல். “நான்தாண்ணே.” இளம் குரல். “ஆபேல் இல்லியே நீ. பேரு இன்னா?” “இன்னிக்கி ஒருநாள்தானேண்ணே. ஆபேல்னே வெச்சுக்குங்க.” ஏணிப்படி ஒவ்வொன்றாகக் கேட்டது. ஏழு படி. அதற்குப் பிறகு பெட்டி தட்டைத் தானாக வெளியே தள்ளியது. அன்றோடு அது தோல் ஓட்டுவதை நிறுத்திவிட்டது.

மறுநாள் ஹெப்சி எதற்கோ அந்தக் கல்யாண வி.சி.டி.யைப் போட்டாள். சுத்தமாக ஓடியது. எம்.பி.3 ஓடியது, போட்டோ சி.டி. ஓடியது, திருட்டுக் காப்பியும் வெளிநாட்டு ஒரிஜினலும் ஓடின. ஒன்றுதான் மாறியிருந்தது. எங்கெல்லாம் ஆபேல் இருந்தானோ அங்கெல்லாம், பந்தியில் பரிமாறும் இடத்திலும் அக்காவின் பக்கத்தில் நிற்கும் இடத்திலும், முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவன் நின்றான். முதுகில் தகர டோக்கன். நிசார் அஹமது டிஸ்க்கை வாங்கிப்போய்க் கடையில் இருந்த பதினோரு பிளேயரிலும் போட்டுப் பார்த்தார். எல்லாவற்றிலும் அப்படியே ஓடியது. இந்த மாதிரி எதிலும் ஓடுகிற டிஸ்க்கைத் தன் தொழிலில் பார்த்ததில்லை என்றார்.

2006இல் ஆபேலுக்குக் குடியாத்தத்திலிருந்து ரோஸ் என்ற பெண்ணைக் கட்டினார்கள். வீடியோக்காரன் இரண்டு தடவை எழுதிக் கொடுத்தான். இரண்டிலும் ரோஸ் மோதிரம் போட்டது முதுகைக் காட்டி நின்றவனுக்கு. பெண் வீட்டார் கேட்டார்கள், யார் இது என்று. “அவரும் ஆபேல்தான்” என்றாள் ஹெப்சி. ரோஸ் கொஞ்ச நாளில் பழகிக்கொண்டாள். படம் பார்க்க உட்கார்ந்தால் டி.வி.க்குப் பக்கத்தில் ஒரு தட்டு அதிகம் வைப்பாள். ஆபேல் தொட்டி வேலைக்குத் திரும்பவில்லை. ரிஜிஸ்டரில் இல்லாதவனை அவர்கள் கூப்பிடவும் இல்லை. டைட்டஸ் அதற்குப் பிறகு எவனுடைய டோக்கனையும் மாட்டித் தரவில்லை.

2009இல் பழைய பெட்டி நின்றுபோனது. பென் டிரைவ் குத்துகிற புது பிளேயர் ஒன்றை நிசார் அஹமதுவே கொண்டுவந்து வைத்தார். கல்யாணப் படத்தைப் பென் டிரைவில் ஏற்றிப் போட்டுப் பார்த்தார்கள், மோதிரம் போடும் இடம் வந்தது, அவன் நின்றான். நிசார் அஹமது தலையாட்டினார். பேனாவை எடுத்து, புது ஸ்டிக்கரில் யு.எஸ்.பி.க்குக் கீழே முப்பத்தேழு என்று எழுதி, டிக் போட்டார்.