மூன்று சுவரும் ஒரு டம்ளரும்

“நான் செத்தா, பாடை தூக்குறவன் கையில ததும்பத் ததும்ப டீயைக் குடுங்க. கொல்லை இறங்கி முடியிறதுக்குள்ள ஒரு சொட்டு சிந்துச்சுன்னா, எந்திரிச்சு உக்காந்து மூணு செவத்தையும் இடிச்சுட்டுத்தான் மறுபடி சாவேன்!”

கூத்தையா இதைச் சொல்லாத ஆள் வாலிநோக்கத்தில் இல்லை. உப்பு ஏற்ற வந்த லாரிக்காரன்கூடத் தப்பவில்லை. இப்போது நெற்றியில் காசோடு நடுவீட்டில் சாதுவாகப் படுத்திருந்தார். அவர் மனைவி பஞ்சம்மாளுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. ஒப்பாரியின் நடுவே எழுந்தெழுந்து கொல்லைக் கதவுக்கு ஓடினாள். ராத்திரி முழுக்க மழை.

வாசல் வழி போக முடியாது. தெருவில் அம்மனுக்குக் காப்புக் கட்டியிருக்கிறது. பிணம் கோயிலைக் கடக்கக் கூடாது. எழுபத்தெட்டாம் வருசம் கூத்தையாவின் ஆத்தா செத்தபோதும் இதே கதைதான். மணல்மேட்டு வீடு, செங்குத்தாய்ச் சரியும் கொல்லை. முன்னால் தூக்கிய பஞ்சம்மாளின் தம்பி வீரையாவுக்குக் கால் புதைந்தது. ஆத்தா உருண்டாள். “வேலி மட்டும் மறிக்கலன்னா தனுஷ்கோடியில போயித்தான் நின்னுருப்பா” என்று கூத்தையா ஊரோடு சேர்ந்து சிரித்தார். மறுநாளே கடப்பாரையை எடுத்துவிட்டார்.

சரியும் மண்ணை மறிக்க முதலில் பனந்துண்டுகளை அடுக்கினார், கறையான் தின்றது. பிறகு சைக்கிளில் கல் சுமந்தார். மூன்று சுவர், மூன்று தட்டு, ஓரமாய் வளைந்து இறங்கும் பாதை.

“ஏன் மச்சான், செவரு பின்னால சாஞ்சு நிக்குது? குடிச்சிருக்கா?” என்று அப்போது கேட்டான் வீரையா.

“மண்ணு அது மேல சாயுதுல்ல, அதுவும் மண்ணு மேல சாயணும்டா. புருசன் பொண்டாட்டி மாதிரி.”

“அடியில ஓட்டை?”

“தண்ணி வெளியேற. அடக்கி வச்சா செவரும் வெடிக்கும், ஒங்கக்காளும் வெடிப்பா.”

வீரையா இப்போது கொல்லைக் கதவில் நின்ற பஞ்சம்மாளின் பின்னால் வந்து நின்றான். “அக்கா, மண்ணு ஊறிக் கெடக்கு. கோயில்காரங்ககிட்டப் பேசிப் பாப்பமா?”

“ஏலே, ஒங்க மச்சான் ஆயிரம் பொய் சொன்னாரு. ஊரே சிரிச்சுச்சு. ஒண்ணாச்சும் நெசமாகட்டும்டா.”

ஓட்டைகளில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

பாடை தோளுக்கு ஏறியதும் பக்கத்து வீட்டுத் தூக்குவாளியிலிருந்து ஒரு டம்ளர் கொதிக்கும் டீயை விளிம்பு வரை ஊற்றி வீரையாவின் இடது கையில் திணித்தாள்.

“என்னக்கா இது, எழவு வீட்டுல…”

“பிடி.”

முதல் தட்டு. இரண்டாம் தட்டு. மூன்றாவதில் பின்னால் தூக்கிய முனியசாமிக்குக் கால் வழுக்கி, இடுப்பு சுவரில் மோதியது. பஞ்சம்மாள் கதவு நிலையைப் பற்றிக்கொண்டாள். சுவர் அசையவில்லை. பாடை நிமிர்ந்தது, சங்குச் சத்தம் உடைமரங்களுக்குள் போய் மறைந்தது.

ஊருணியில் முழுகிய ஈரவேட்டியோடு வீரையா திரும்பினான். கடைசிச் சுவரின் தலையில் வைத்துப்போன டம்ளரை எடுத்துக்கொண்டு மூன்று தட்டும் ஏறி வந்து, அவள் முன்னால் வைத்தான். டீ விளிம்போடு ஆடை கட்டியிருந்தது. அதன்மேல் ஓர் எறும்பு நடந்துகொண்டிருந்தது.

பஞ்சம்மாள் டம்ளரைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள்.

வீரையா இடது புறங்கையைத் திருப்பிக் காட்டினான், சூடு பட்ட தடம் எங்கும் இல்லை.

“சிந்தலக்கா.”