கிழியாத சட்டைகள்

அந்த ஆண்டு மனந்திரும்புதல் நாளில் ஊரில் ஒரு சட்டையும் கிழியவில்லை. வருடாவருடம் வரும் அந்த நாள், மழை பொய்த்த ஒரு கோடையில் தொடங்கிய ஏற்பாடு. போதகர் பைபிளிலிருந்து எபிரேயத் தீர்க்கதரிசிகளை வாசிப்பார், ஊரார் அழுது சட்டையைக் கிழித்துக்கொள்வார்கள். தீர்க்கதரிசிகள் கேட்டது துணியை அல்ல, அதற்கு உள்ளே இருப்பதை என்றும் அவர் வாசிக்கத்தான் செய்தார். அந்த இடம் வந்ததும் எல்லோருக்கும் இருமல் வந்துவிடும். முதல் வருடம் உண்மையாகவே கிழித்தார்கள். மூன்றாம் வருடத்திலிருந்து ஒரு வாரம் முன்னதாகவே தையல்காரரிடம் வந்தார்கள். "மாஸ்டர், தோள்கிட்ட கொஞ்சம் லூசா விடுங்க, லேசா இழுத்தா வந்துடணும்." அவர் தையலைப் பிரித்துப் பேருக்கு நாலு தையல் போட்டுக் கொடுப்பார். மறுவாரம் அதே சட்டைகள் தைக்க வரும். தன் சட்டைக்கும் அப்படியே செய்துகொண்டார். ஊரோடு ஒத்து வாழ வேண்டுமே.

அவருக்கோ வருந்துவதற்கு நிஜமாகவே ஒன்று இருந்தது. முன்பு அவர் வேலை பார்த்த ஆலையில், தங்கை கணவரின் வலது கையை இயந்திரம் இழுத்துக்கொண்டது. அதன் பாதுகாப்பு மூடியைக் கழற்றி வைக்கச் சொன்னவர் சூப்பர்வைசர். அவர் அப்படிச் சொன்னதைக் காதால் கேட்ட ஒரே ஆள் இவர். விசாரணையில், கைபோனவர்தான் கவனிக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேலை நிலைத்தது, மனம் நிலைக்கவில்லை. ஒரு வருடத்தில் ஆலையை விட்டுத் தையல் கடை வைத்தார். அடுத்த தெருவிலிருந்த தங்கை, அவர் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து அவரோடு பேசவில்லை.

கிழியாத ஆண்டில் வக்கீல் சட்டையைப் பல்லால் கடித்துப் பார்த்தார். கசாப்புக்காரரின் கத்தி மழுங்கியது. "என்ன மாஸ்டர், கம்பி வச்சுத் தச்சீங்களா?" என்று சண்டைக்கு வந்தார்கள். பிறகு எந்தத் துணியும் கிழியவில்லை, வெட்டுப்படவும் இல்லை. ஆஸ்பத்திரியில் முழு வேட்டியை முழங்காலில் சுற்றிக் கட்டுப் போட்டார்கள். தையல்காரரின் கத்திரி துணிமேல் வழுக்கிக்கொண்டு போனது. இரண்டு வருடம் கடையைத் திறந்து வைத்துச் சும்மா உட்கார்ந்திருந்தார். சும்மா இருப்பது இவ்வளவு அசதியான வேலை என்று அவருக்குத் தெரியாது.

ஒரு மத்தியானம், அந்த அசதியிலேயே எழுந்து தங்கை வீட்டுக் கதவைத் தட்டினார்.

"மாப்ள மேல தப்பில்லம்மா. சூப்பர்வைசர் மூடியக் கழட்டச் சொன்னத நான் காதால கேட்டேன். பொய்யா எழுதிக் குடுத்தேன்."

"இதச் சொல்லவா இருபது வருஷம்?" என்றாள் தங்கை.

உள்ளேயிருந்து அவள் கணவர், "இங்க சொல்லி என்ன? எழுதின எடத்துல போய்ச் சொல்லச் சொல்லு" என்றார்.

மறுநாள் ஆலை அலுவலகத்தில் பழைய வாக்குமூலத்தின் கீழே உண்மையை எழுதிக் கையெழுத்திட்டபோது, அவருடைய சட்டை தோளிலிருந்து இடுப்புவரை, தையல் இல்லாத நல்ல துணியில், தானாகக் கிழிந்தது. குமாஸ்தா நிமிர்ந்து பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

அந்தக் கிழிசலில் எந்த நூலும் நிற்கவில்லை. அப்படியே போட்டுக்கொண்டு திரிந்தார். அந்த வாரம் தங்கை கடைக்கு வந்து, கணவரின் எட்டுச் சட்டைகளை மேஜைமேல் வைத்தாள். எல்லாவற்றிலும் வலது கை மடித்து ஊக்கு குத்தியிருந்தது.

"இந்தக் கைய வெட்டிக் குடு" என்றாள்.

கத்திரி வெட்டியது. அவள் ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தந்துகொண்டு எதிரே நின்றாள். அதன்பின்னும் வேறு யார் கையிலும் துணி வெட்டுப்படவில்லை; ஊரில் துணி வெட்ட வேண்டியவர்கள் எல்லோரும் அவரிடமே வந்தார்கள். அவர் போட்டிருந்த கிழிந்த சட்டையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.