ஒரே எடையில் ஐந்து கோதுகள்

1974. டண்டினொங் சுடுகளத்தில் துப்பாக்கி சுடும் அணியில் ஓரிடமே மிச்சமிருந்தது. கேதீஸ்வரன் தோட்டாக்களின் வெற்றுப் பித்தளைக் கோதுகளைத் தராசில் நிறுத்து, ஒரே எடையுள்ள ஐந்தை மட்டும் எடுத்தான். கோதின் கனம் மாறினால் உள்ளிடம் மாறும், குண்டின் வேகமும் மாறும். துப்பாக்கி அதிகம் உதைக்காமலிருக்க, வெடிமருந்தையும் மற்றவர்களைவிடக் குறைத்தே நிரப்பினான்.

“உதென்ன, தாலிக்குப் பவுன் நிறுக்கிறியோ?” என்றான் கூட வந்த இந்திரகுமார். “மருந்தைக் கூட்டிப் போடடாப்பா. வெள்ளைக்காரனுக்குக் கேக்கட்டும்.”

“கேக்கத் தேவையில்லை. குறி அட்டையில தெரிஞ்சாக் காணும்.”

வெள்ளைக்கார அணித்தலைவர் சிரித்தபடி தன் தோட்டாக்களை நீட்டினார். கேதீஸ்வரன் வாங்கவில்லை.

அவன் சுட்டு முடித்தபோது, அட்டையிலிருந்த ஐந்து ஓட்டைகளையும் ஒரு தீப்பெட்டியால் மூடிவிடலாம் போலிருந்தது. மற்ற எவருடைய அட்டையும் அப்படியில்லை. தலைவர் அவனுடைய கோதுகளைப் பார்க்கக் கை நீட்டினார்.

கேதீஸ்வரன் அவற்றைப் பையில் போட்டு மூடிவிட்டு இந்திரகுமார் பக்கம் திரும்பினான்.

“முதல்ல என்ர பேரை அணியில எழுதச் சொல்லு.”