யாரும் அந்தப் பக்கம் பார்க்காதீங்க

எனக்கு வேண்டியது ஒரே ஒரு பதில். அதற்காகத்தான் விடுமுறை நாளும் அதுவுமாக ஆசிரியர் பயிற்சிக்குப் போய், குழந்தைகள் நாற்காலியில் முட்டி மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தேன்.

என் ஒன்றாம் வகுப்பில் ஒருத்தி இருக்கிறாள். பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் டப்பா. கோபம் வந்தால் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கி எறிவாள். போன வாரம் ஒருத்தனுக்குப் புருவம் கிழிந்துவிட்டது. "இன்னொரு தடவை எறிஞ்சா வேற ஸ்கூல் பாத்துக்கச் சொல்லிடுவேன். திங்கட்கிழமை நானே வந்து உங்க கிளாஸ்ல உக்காருறேன்" என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். இத்தனைக்கும் போன பயிற்சியில் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்துகொண்டிருந்தேன். சேட்டை செய்கிற குழந்தையைக் கண்டுகொள்ளாதீர்கள், தானாக அடங்கும் என்றார்கள். நான் அவள் பக்கமே திரும்புவதில்லை. அவளானால் அடங்குகிற வழியாக இல்லை.

பயிற்சி கொடுத்த மேடம் எங்களையே ஒன்றாம் வகுப்பாக்கிவிட்டார். அவர் இரண்டு தட்டு தட்டினால் நாங்கள் மூன்று தட்ட வேண்டும். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் நட்சத்திர ஸ்டிக்கர். பேரப்பிள்ளை எடுத்தவர்கள்கூட அதற்கு முண்டியடித்தார்கள். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. கையைத் தூக்கினேன்.

"கேள்வியா? சீட்டுல எழுதி அந்தச் சுவத்துல ஒட்டிடுங்க. கடைசியில பாக்கலாம்."

ஒட்டினேன். டீ குடிக்கும்போது போய்க் கேட்டேன். "சுவத்துல ஒட்டிட்டீங்கல்ல?" என்றார். சாப்பாட்டுக்குப் பிறகும் கேட்டேன். அதே சிரிப்பு, அதே சுவர். சாயங்காலம் எல்லாருக்கும் நன்றி சொல்லி லேப்டாப்பை மூடினார். ஃபேன் காற்றில் என் சீட்டு எப்போதோ விழுந்து, யார் செருப்பிலோ ஒட்டிக்கொண்டு போயிருந்தது.

எழுந்துவிட்டேன். "மேடம், என் கேள்வி என்னாச்சு? கண்டுக்காம விட்டா இன்னும்தான் எறியிறா. திங்கட்கிழமை அவளை வெளிய அனுப்பிடுவாங்க. நான் என்னதான் பண்றது?" நான் கத்திய கத்தலில் தொண்டை கட்டிக்கொண்டது.

மேடம் என்னைப் பார்க்கவில்லை. மற்றவர்களிடம் திரும்பி இனிமையாகச் சொன்னார்: "இதுவே நல்ல உதாரணம். ஒருத்தர் சத்தம் போட்டா நாம என்ன பண்ணணும்? யாரும் அந்தப் பக்கம் பாக்காதீங்க."

அத்தனை பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். காலையிலிருந்து என்னோடு அரட்டையடித்த மூன்றாம் வகுப்பு எடுக்கிற அக்காகூட, தன் ஸ்டிக்கரைத் தடவிக்கொண்டே ஜன்னலைப் பார்த்தாள்.

"அக்கா, நீங்களுமா?"

அக்கா ஜன்னலை இன்னும் உற்றுப் பார்த்தாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பார்த்தால் தண்ணீர் பாட்டிலை ஓங்கிக்கொண்டு நிற்கிறேன். எறிந்திருப்பேன், சத்தியமாக. ஓங்கிய கையைப் பார்த்ததும் டப்பா எறிகிற என் வகுப்புப் பிள்ளை ஞாபகம் வந்தது. பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை. தலைமையாசிரியை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் பலகையில் எழுதிவிட்டுத் திரும்பும்போது அவள் டப்பாவை ஓங்கியிருந்தாள். ஓடிப்போய் அவள் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்து, முகத்தை நேராகப் பார்த்தேன்.

"என்னம்மா? சொல்லு, கேக்கிறேன்."

ஓங்கிய கையை இறக்காமலே என்னைப் பார்த்தாள்.

"நான் டெய்லி கை தூக்கினேன் டீச்சர்" என்றாள்.