தாய்வீட்டில் வந்த ரத்தக்கட்டு

தலை ஆடிக்கு மகளை அழைத்து வந்த அன்று செல்லம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. இரண்டு வீடும் ஆரணிதான். இந்தத் தெருவில் பட்டு நெசவு, ஆற்றோரத் தெருவில் மாப்பிள்ளையின் சாயப்பட்டறை. கூப்பிடு தூரம் என்றாலும் முறை முறைதானே. மருமகன் மணவாளன் ரிக்‌ஷா வரைக்கும் வந்து, "பாத்துக்குங்க அத்த, சரியா சாப்புட மாட்டேன்றா," என்று சொல்லி அனுப்பிவைத்தான்.

மறுநாள் எண்ணெய் தேய்த்துவிட உட்காரவைத்தபோது தேவகியின் கையெல்லாம் நீலம்.

"இன்னாடி இது, சாயத்துலயே குளிச்சிகினு வந்தியா?"

"நூல் பிழியறேன் இல்லம்மா, ஒட்டிக்குது," என்று தேவகி சிரித்தாள்.

அந்த ஊரில் அது அதிசயமில்லை. கையைப் பார்த்தே பட்டறை வீட்டுப் பெண் என்று சொல்லிவிடுவார்கள். செல்லம்மாள் புளியைக் கரைத்து, தேங்காய் நாரால் பரபரவென்று தேய்த்தாள். விரலில் இருந்த சாயம் போயிற்று. முழங்கைக்கு மேலிருந்த நீலம் போகவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தாள். "நோவுதும்மா!" என்று மகள் கையை இழுத்துக்கொண்டாள்.

முதுகைத் திருப்பிப் பார்த்தாள். அங்கேயும் இரண்டு. தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று.

"முதுகுல யாருடி சாயம் பூசினது?"

தேவகி விழித்தாள். "தெரியலம்மா. எங்கனா இடிச்சிகினு இருப்பேன்."

செல்லம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். எங்கேயாவது இடித்துக்கொண்டிருப்பேன் என்ற அந்தப் பதிலைத் தன் புருஷன் இருந்த காலத்தில் அவளே எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்! மகளுக்கும் அதே தலையெழுத்தா?

ஆடிக் கிருத்திகைக்கு மணவாளன் பூவும் பழமுமாக வந்தான். தேவகியின் அண்ணன் தருமன் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து "என் தங்கச்சிய அடிச்சியா?" என்று அவன் சட்டையைப் பிடித்தான்.

"மச்சான், கை ஓங்கினதே இல்ல நானு. அவளையே கேளு!"

"கேட்டுட்டாலும்!" என்றாள் எதிர்வீட்டு அபிதகுசாம்பாள், தன் வாசலில் நின்றபடி. "எந்தப் பொண்ணு புருஷன காட்டிக்குடுத்துது? மொகத்தப் பாத்தா பூன மாதிரி இருக்கான்."

உள்ளேயிருந்து தேவகி கத்தினாள். "அம்மா, அவரு அடிக்கலம்மா! சத்தியமா அடிக்கலம்மா!"

செல்லம்மாள் காதில் வாங்கவில்லை. "இந்த வாசப்படிய மிதிச்சியானா எனுக்கு நீ மாப்பிள்ள இல்ல," என்று தெருவே கேட்கச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். பூப்பொட்டலம் வெளியிலேயே கிடந்தது.

அதன் பிறகு மகளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டாள். ரத்தக்கட்டுக்கு வைத்தியம் அவளுக்குத் தெரியாததா? அடிபட்ட உடனே என்றால் ஈரத்துணி. நாள் கடந்துவிட்டால் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து, சூடு பொறுக்கிற பதத்தில் ஒத்தடம். மஞ்சளைக் குழைத்து மேலாகத் தடவ வேண்டும். போட்டுப் பிசையவே கூடாது. தோலுக்கடியில் உடைந்த ரத்தம் தானாகத்தான் கரையும். நீலம் பச்சையாகும், பச்சை மஞ்சளாகும், பிறகு இருந்த இடம் தெரியாது. தேவகியின் முதுகில் இருந்ததும் அப்படியே வரிசையாகப் பழுத்தது.

"பாத்தியாடி, அவன் கை படல, ஆறுது," என்றாள் செல்லம்மாள்.

தேவகி எந்நேரமும் படுத்தே கிடந்தாள். முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்திருந்தது. புருஷன் ஏக்கம் என்று தாய் நினைத்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை தலை பின்னும்போது தோளுக்குக் கீழே புதிதாக ஒன்று தெரிந்தது. கருஞ்சிவப்பு, அப்போதுதான் கட்டிய ரத்தம். சீப்பு செல்லம்மாள் கையிலேயே நின்றுவிட்டது.

"இது எப்பிடிடி வந்துது?"

"நேத்து தோளப் புடிச்சி எழுப்புன இல்ல, அதான்."

தாய் கை மெல்லப் பட்டதற்கா? அன்று சாயங்காலம் முழங்காலில் ஒன்று. மறுநாள் காலையில் பல் துலக்கித் துப்பியதில் ரத்தம். இந்த வீட்டில் அவளை யார் அடித்தார்கள்?

அப்போதே செல்லம்மாள் எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. தெருவே பார்க்க விரட்டிய மனுஷனிடம் எந்த முகத்தோடு போய் நிற்பது? நாளைக்குச் சரியாகிவிடும், நாளைக்குச் சரியாகிவிடும் என்று மஞ்சளை அரைத்து அரைத்துத் தடவினாள். தருமனுக்குத் தெரியாமல் மகளின் ரவிக்கைக் கையை இழுத்து மூடிவிட்டாள்.

மகளின் மூக்கிலிருந்து ரத்தம் வந்து நிற்காத காலையில்தான் தலைமயிர் அவிழ ஆற்றோரம் ஓடினாள். மணவாளன் சாயக் கொப்பரையில் நூலைத் தோய்த்துக்கொண்டிருந்தான்.

"மாப்ள... உன் பொண்டாட்டி..."

அவன் கையைக்கூடக் கழுவாமல் வந்தான்.

கண்ணமங்கலம் தாண்டி வேலூர் போகும்வரை பஸ்ஸில் மகளின் தலை அவன் மடியில் இருந்தது. ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் ரவிக்கையை விலக்கிப் பார்த்துவிட்டு, "யாராவது அடிச்சீங்களா?" என்று கேட்டார். கூட வந்திருந்த தருமன் தலையைத் தொங்கப்போட்டான்.

ரத்தம் எடுத்துப் பார்த்த பிறகு அவரே சொன்னார். "இது அடி இல்லம்மா. ரத்தத்துலயே நோய். இடிக்காம கன்னிப்போறது, ஈறு கசியறது, ஆள் வெளுக்கிறது, இதெல்லாம் சேர்ந்தா ஒரு நாள்கூட வீட்டுல வச்சிருக்கக் கூடாது."

"ஆடியிலயே வந்திருந்தா, டாக்டரம்மா?" என்றாள் செல்லம்மாள்.

"இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாங்க," என்றார்.

தருமன் வராந்தாவில் மணவாளனின் காலைப் பிடிக்கக் குனிந்தான். மணவாளன் அவனை விலக்கினான். செல்லம்மாளைப் பார்த்தான்.

"நான் அடிச்சதாவே இருந்திருக்கக் கூடாதா அத்த? அடின்னா ஆறியிருக்குமே."

அவள் அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். மாமியார் மருமகனைத் தொடுவது வழக்கமில்லை. அதை அங்கே யார் பார்த்தார்கள்?

தேவகி கண் விழித்தபோது கட்டிலுக்கு இந்தப் பக்கம் அம்மாவும் அந்தப் பக்கம் புருஷனுமாக உட்கார்ந்திருந்தார்கள். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"பேசிகினீங்களா ரெண்டு பேரும்?"

"பேசிகினோம்டி."

"அவரு அடிக்கலன்னு நம்புறியாம்மா இப்ப?"

"நம்புறேன்டி கண்ணு."

"அப்பாடா," என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "இனிமே எனுக்கு ஒண்ணுமில்ல. ஆடி முடிஞ்சதும் என்ன வீட்டுக்கு அனுப்பிடு."

ஆடி முடிந்து ஆவணி பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. இருவரும் அதைச் சொல்லவில்லை.