வண்டியோடு வந்தவர்

"உங்க வண்டி மறுபடியும் நின்னுடுச்சு."

சம்பந்தி போனில் நலம் விசாரிக்கும் வழக்கம் வைத்துக்கொள்வதில்லை. தையல்காரர் காஜா எடுத்துக்கொண்டிருந்த சட்டையை மேஜையில் போட்டுவிட்டு, எதிரில் ஆள் நிற்பதுபோல எழுந்து நின்றார்.

"இதோ கிளம்பிட்டேன் சம்பந்தி. ஏதாவது சத்தம் வந்துச்சா?"

"சத்தம் வந்தா உங்களை ஏன் கூப்பிடப் போறேன்? சத்தமே வரல. எங்க சின்னவளைப் பொண்ணு பாக்க இன்னைக்கு ஆளுங்க வர்றாங்க. மாப்பிள்ளைக்கு வண்டி தர்றதா பேச்சு இருக்கு. இந்த நேரம் பாத்து வாசல்ல பொணம் மாதிரி கிடக்குது."

"அந்த வண்டியையா தரப் போறீங்க?"

"பின்ன, ஆகாயத்துலேருந்தா இறக்குவேன்?"

போன் வைக்கப்பட்டது. உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த மனைவிக்கு விஷயம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. புருஷன் எழுந்து நின்று போன் பேசினால் மறுமுனையில் யார் என்பது அவளுக்குத் தெரியும்.

"பொண்ணைக் கட்டிக் கொடுத்தீங்களா, இல்ல பொண்ணோட உங்களையும் சேத்துக் கட்டிக் கொடுத்தீங்களா?" என்றாள்.

தையல்காரர் ஸ்பேனர் பையைத் தேடி எடுத்தார்.

அந்த வண்டிக்கு இரண்டு சொந்தக்காரர்கள். ஓடும்போது அது "எங்க வண்டி". நின்றுவிட்டால் "உங்க வண்டி". கல்யாணம் பேசிய காலத்தில் சம்பந்தி வாயைத் திறந்து எதுவுமே கேட்டதில்லை. "நாங்க எதுவும் கேக்கறவங்க இல்ல. உங்க பொண்ணு வெயில்ல நடந்து போறதைப் பாக்க உங்களுக்கு மனசு வருமான்னு மட்டும் யோசிச்சுப் பாருங்க" என்று பெருந்தன்மையாகச் சொன்னார். தையல்காரர் யோசித்தார். அப்படி யோசித்ததில் கையிருப்பெல்லாம் கரைந்து ஒரு பழைய கார் வந்து சேர்ந்தது.

அது எத்தனை கை மாறி வந்தது என்பது அந்த வண்டிக்கே நினைவிருக்காது. ஹாரனை அழுத்தினால் முன்கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர் எழுந்து ஒருமுறை வணக்கம் சொல்லும். இடப்பக்கம் திரும்பும்போது மட்டும் ரேடியோ பாடும். முன்பு வைத்திருந்தவர் செய்தி கேட்க ஆசைப்பட்டால், செய்தி முடியும்வரை இடப்பக்கமாகவே தெருவைச் சுற்றிக்கொண்டிருப்பாராம். இது கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். ஹாரன் விஷயம் சத்தியம்.

முதல் சில தடவை தையல்காரர் பட்டறைக்காரரைத்தான் அழைத்துப் போனார். பட்டறைக்காரர் பானெட்டைத் திறந்து ஒரு பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சுக்குக் கூலி கொடுத்தே தையல்காரர் ஓய்ந்துபோனார். கடைசியில் தானே கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தார். செல்போனில் ஒரு ஆள் கார் பிரித்துக் காட்டும் வீடியோ கிடைத்தது. அந்த ஆளின் முகம் தெரியாது, பேசும் மொழி புரியாது. கை புரிந்தது. தையல்காரருக்கு அது போதும். பெல்ட் என்றால் தையல் மெஷினிலும் பெல்ட் உண்டு. ஊசி இறங்கும் நேரத்துக்கு அடியிலிருந்து நூல் வந்து சேராவிட்டால் தையல் விழாது. இஞ்சினிலும் பொறி வரவேண்டிய நேரத்துக்கு வராவிட்டால் வண்டி இருமும்.

அப்படியே எல்லாம் சுலபமாக வந்துவிடவில்லை. முதன்முதலில் இஞ்சின் ஆயில் மாற்றுகிறேன் என்று அடியில் படுத்தவர், கியர்பாக்ஸ் ஆயிலை வடித்துக் கொட்டிவிட்டு, புது ஆயிலை, ஏற்கெனவே ஆயில் நிறைந்திருந்த இஞ்சின் தலையிலேயே மேலும் ஊற்றினார். வண்டி விட்ட புகையில் அந்தத் தெரு முழுவதும் ஜன்னலைச் சாத்திக்கொண்டது. கொடியில் காய்ந்த வெள்ளை வேட்டிகள் மாலையில் வேறு நிறத்தில் வீடு திரும்பின. அதன்பிறகு எதைப் பிரித்தாலும் தையல் சாக்கட்டியால் அடையாளம் போட்டுக்கொண்டுதான் பிரிப்பார். கழற்றிய ஸ்க்ரூவை, குண்டூசியைக் கவ்வும் பழக்கத்தில், உதட்டிடுக்கில் கவ்விக்கொள்வார். அப்படியும் ஒவ்வொரு ரிப்பேருக்குப் பிறகும் ஒரு ஸ்க்ரூ மிஞ்சும். அதைப் பொத்தான் டப்பாவில் போட்டுவைப்பார். டப்பாவில் இப்போது பொத்தானைவிட ஸ்க்ரூதான் அதிகம். அவ்வளவும் இல்லாமலும் வண்டி ஓடியது என்பது அவருக்கே விளங்காத ஆச்சரியம்.

இதையெல்லாம் அவர் ஆசைப்பட்டுக் கற்கவில்லை. வண்டி நின்ற நாளில் அந்த வீட்டில் யாரும் மகளோடு பேசமாட்டார்கள். ஓடத் தொடங்கியதும் "சாப்டியாம்மா?" என்பார்கள். மகள் இதை ஒருநாளும் சொன்னதில்லை. ஒருமுறை இஞ்சின் பிடித்துக்கொண்ட சத்தம் கேட்டதும் சமையலறை ஜன்னலில் அவள் மூச்சு விட்டதைப் பார்த்து அவராகப் புரிந்துகொண்டது. அன்றிலிருந்து அவர் ரிப்பேர் செய்வது வண்டியை அல்ல.

அவர் போய்ச் சேர்ந்தபோது அவருடைய மாப்பிள்ளை வாசலில் தலை வாரிக்கொண்டிருந்தார். "மாமா, கொஞ்சம் சீக்கிரம் முடிச்சீங்கன்னா நல்லாருக்கும். அவங்க வர்ற நேரம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். சம்பந்தியம்மா திரைக்குப் பின்னாலிருந்து, "செருப்பை அந்தப் பக்கமா விடச் சொல்லு" என்றாள், அவருக்குக் காது கேட்காது என்பதுபோல.

சமையலறையின் பாத்திரச் சத்தத்துக்குக் காது கொடுத்தார். மகளின் மனநிலையை அவர் அந்தச் சத்தத்தில்தான் அளப்பார். இன்று பாத்திரங்கள் ஒன்றையொன்று தொடாமல் அடுக்கப்பட்டுக்கொண்டிருந்தன. இரைச்சலைவிட அது மோசம். காலையிலிருந்து யாரும் அவளோடு பேசவில்லை.

பானெட்டைத் திறந்தார். இரவெல்லாம் பெய்த மழையில் ஈரம் இறங்கியிருந்தது. மின்பொறியை நான்கு பக்கமும் பங்கு போட்டுக் கொடுக்கும் கறுப்பு மூடிக்குள் வியர்த்திருந்தது. அவ்வளவுதான் கோளாறு. மூடியின் இரண்டு ஸ்க்ரூவையும் கழற்றி உதட்டில் கவ்விக்கொண்டு, வயர்களுக்கு சாக்கட்டியால் அடையாளமிட்டு உருவி, துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் விருந்தாளிகள் வந்து இறங்கினார்கள்.

பிள்ளையைப் பெற்றவர் உள்ளே அதிக நேரம் உட்காரவில்லை. பெண்ணைப் பார்த்தது போதும், வண்டியைப் பார்க்கலாம் என்று எழுந்து வந்துவிட்டார். பின்னாலேயே சம்பந்தியும், அவர் பின்னால் வீடும்.

"என்னங்க, திறந்து கிடக்குது?"

"சும்மா துடைச்சு வைக்கிறோம். வண்டின்னா ராஜா வண்டி" என்றார் சம்பந்தி.

வந்தவர் குனிந்து பார்த்தார். "இது யாரு?"

தையல்காரர் நிமிர்ந்தார். சம்பந்தி ஒரு கணம், ஒரே ஒரு கணம், யோசித்தார்.

"நம்ம ஆளுதான்" என்றார்.

தமிழில் அந்த வார்த்தை மாதிரி வசதியான வார்த்தை கிடையாது. உடன்பிறந்தவனையும் சொல்லலாம், வாசல் பெருக்குகிறவனையும் சொல்லலாம். தையல்காரர் ஏதாவது சொல்லியிருக்கலாம். வாயில் ஸ்க்ரூ இருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டும் சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் நாளைக்கு மகளோடு யார் பேசுவார்கள் என்ற கணக்கில் கை எழவில்லை.

"நம்பகமான ஆளா?" என்றார் வந்தவர்.

"கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவாரு. மழைன்னு பாக்க மாட்டாரு, வெயில்னு பாக்க மாட்டாரு."

"இந்தக் காலத்துல அப்படி ஒருத்தன் கிடைக்கிறது கஷ்டமாச்சே. எங்க பக்கத்துல இருக்கானே ஒருத்தன், போன் எடுத்தாலே காசு கேப்பான்."

அப்போது மகள் ஒரு டம்ளரோடு வெளியே வந்தாள். மருமகள் வெளியாட்கள் முன்னால் வாசலுக்கு வந்தது சம்பந்தியம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்பது திரை அசைந்ததில் தெரிந்தது. அவள் நேராக நடந்து காரருகே வந்து நின்றாள். விருந்தாளிகளுக்கு எடுத்துவைத்திருந்த டம்ளர் அது.

"அப்பா, டீ" என்றாள்.



"அப்பாவா?" என்று வந்தவர் சம்பந்தியைத் திரும்பிப் பார்த்தார்.

சம்பந்தி அசரவில்லை. கடகடவென்று சிரித்தார். "ஆமாங்க, சம்பந்திதான்! அதனாலதானே கூலியே கேக்கறதில்ல!"

வந்தவருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. தொடையைத் தட்டிச் சிரித்தார். "அப்படின்னா இன்னும் விசேஷம். வண்டி கொஞ்சம் பழசுதான், நாங்க ஒண்ணும் கேக்கறவங்க இல்ல. ஆனா வண்டியை எங்க பையனுக்கு எழுதிக் கொடுக்கறப்போ இவரையும் சேத்தே சொல்லிடுங்க."

"அதுக்கென்ன, தாராளமா! உங்களுக்கு இல்லாத ஆளா? என்ன சம்பந்தி, போய்ட்டு வந்துடுவீங்கல்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். தையல்காரரின் மாப்பிள்ளையும் சிரித்தார். வாயில் ஸ்க்ரூவை வைத்துக்கொண்டு சிரிப்பது முடியாத காரியம். தையல்காரர் அதையும் செய்துகாட்டினார்.

மகள் சிரிக்கவில்லை. அவர் கையில் டீயைக் கொடுத்துவிட்டு, அவர் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் குடிக்காமல் டம்ளரை மட்கார்டின் மேல் வைத்தார். அவசரமாக மூடியைப் பொருத்தி ஒரு ஸ்க்ரூவை முடுக்கினார். சாக்கட்டி அடையாளம் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. தடவித் தடவி வயர்களைச் செருகினார். நடுவிலிருக்கும் முக்கிய வயரை அழுத்தினாரா இல்லையா என்பது அவருக்கே நினைவில்லை. பானெட்டைச் சாத்திவிட்டு ஏறி சாவியைத் திருப்பினார். வண்டி பிடித்துக்கொண்டது.

"பாத்தீங்களா, எங்க வண்டி!" என்றார் சம்பந்தி.

மகள் மறுபக்கக் கதவைத் திறந்து முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அவள் வெயிலில் நடக்கக் கூடாது என்று வந்த வண்டியில் அவள் முன்னால் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"டம்ளரெல்லாம் கழுவாம கிடக்கு, எங்கேம்மா கிளம்பிட்டே?" என்றது திரை.

"ட்ரையல் பாக்கணும் அத்தை. தையக்காரங்க ட்ரையல் பாக்காம கொடுக்க மாட்டாங்க."

தையல்காரருக்கு இரண்டாவது கியர்வரைதான் பழக்கம். வண்டி நிதானமாகத் தெருவில் ஊர்ந்தது. மட்கார்டிலிருந்த டம்ளர் கொஞ்ச தூரம் கூடவே வந்து பிறகு விழுந்தது. தெருக்கோடியில் இடப்பக்கம் திரும்பியபோது ரேடியோ இரண்டு வரி பாடிவிட்டு நிறுத்திக்கொண்டது. அடுத்த பள்ளத்தில் வண்டி ஒரு குதி குதித்தது, இருமியது, பஸ் நிறுத்தத்துக்கு எதிரே நின்றுவிட்டது.

இறங்கி பானெட்டைத் திறந்தார். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. நடு வயர் துள்ளி வெளியே வந்து, அறுந்த நூல் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. விரலால் ஒரு அழுத்து அழுத்தினால் போதும். பழக்கத்தில் கை தானாகவே அதை நோக்கிப் போனது.

பாதி வழியில் நின்றது.

மகள் பக்கத்தில் வந்து நின்றாள். அவளும் தொங்கும் வயரைப் பார்த்தாள். தையல்காரர் பெண் அவள், அறுந்த இடம் அவளுக்குக் கண்ணில் படாமல் போகாது.

"என்னப்பா ஆச்சு?"

தையல்காரர் அவளைப் பார்த்தார். வயரைப் பார்த்தார். நாளைக்கு என்ன செய்வது, வீட்டில் என்ன சொல்வது, இவளை எத்தனை நாளைக்குத் தன்னோடு வைத்துக்கொள்ள விடுவார்கள் என்ற கேள்விகள் வரிசையாக வந்தன. மெதுவாக இரண்டு கையையும் விரித்தார்.

"எனக்கும் ஒண்ணும் தெரியலப்பா" என்று மகள் பானெட்டைச் சாத்தினாள்.

சாலையைக் கடந்து நிறுத்தத்தில் போய் நின்றார்கள். பஸ் வருகிற அறிகுறியே இல்லை. தெருமுனையில் ஆட்கள் திரள்வது தெரிந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் ஓடி வந்தவர், நின்ற வண்டியைப் பார்த்தார், எதிரே நின்ற இருவரையும் பார்த்தார்.

"சம்பந்தி!" என்று தொண்டை கிழியக் கத்தினார். "சம்பந்தீ! உங்க வண்டி! சம்பந்தீ!"

கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்த உறவு இன்றைக்குத்தான் தெருவுக்குத் தெரியவந்தது.

பதில் சொல்லத் தையல்காரர் வாயைத் திறக்கப் போனார். உதட்டிடுக்கில் இன்னும் ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருந்தது. அதை அப்படியே கவ்விக்கொண்டு, பஸ் வரும் திசையைப் பார்த்து நின்றார்.