மேஸ்திரியின் மெத்தை

"மெதுவா, மெதுவா... தலைப்பக்கம் கொஞ்சம் தூக்குங்க" என்று சொல்லிக்கொண்டே தம்பி பின்பக்கமாகப் படி இறங்கினான். நான்காவது மாடியிலிருந்து அக்காவை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஐம்பத்தாறு வயதானாலும் அந்த வீட்டில் அவனுக்குத் தம்பி என்பதுதான் பெயர். முப்பது வருடமாக லிஃப்ட் மெக்கானிக். ஊர் லிஃப்டையெல்லாம் ஓட வைத்தவன் குடியிருந்த கட்டடத்து லிஃப்டிலோ மூன்று பேர் நின்றால் நான்காவது ஆள் மூச்சை அடக்க வேண்டும். ஸ்ட்ரெச்சர் எங்கே நுழையும்?

குடிவந்த அன்றே அக்கா கேட்டாள், "நாலாவது மாடியில வீடு பாத்துருக்கியே, நான் செத்தா எப்படிடா இறக்குவே?" ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள் அவள். "நீதான் துணி மடிக்கிறவளாச்சே, உன்னையும் நாலா மடிச்சு இறக்கிடறேன்" என்று இவன் சொல்ல, வாங்கி வந்த விளக்குமாற்றாலேயே முதுகில் ஒன்று வைத்தாள். நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் படுக்கிறேன் என்றவள்தான். எழுந்திருக்கவே இல்லை.

எல்லோருக்கும் பின்னால் மேஸ்திரி இறங்கி வந்தது. மேஸ்திரி என்பது அக்காவின் நாய். தவிட்டு நிறம், ஒரு காது பாதி கிழிந்தது, பதினோரு வயது. ஒவ்வொரு மாடி வளைவிலும் உட்காருவதும், ஆட்கள் நகர்ந்ததும் எழுவதுமாகக் கீழே வந்து சேர்ந்தது. வண்டிக் கதவைச் சாத்தியபோது குரைக்கவில்லை, ஓடவில்லை. தம்பியின் கால்சட்டையை ஒருமுறை மோந்துவிட்டுத் திரும்பிப் படியேறிப் போய்விட்டது.

எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது மணி மூன்று. அக்கா மகள் சோபாவில் உட்கார்ந்து போனில் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். வெளியூரில் வங்கி வேலை, நாளைக் காலை ரயிலுக்குக் கிளம்பியாக வேண்டும். போனை வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

"மாமா, நாய்க் காப்பகத்துக்குச் சொல்லிட்டேன். இப்ப வந்துடுவாங்க."

"எதுக்கு?"

"மேஸ்திரிக்குத்தான். வளக்கறவங்க இல்லாமப் போனா அவங்களுக்குச் சொல்லணும்னு அம்மா கையெழுத்துப் போட்டுக் குடுத்துருக்கா. எங்க குடியிருப்புல நாய் வச்சுக்க விடமாட்டாங்க. நீங்க காலையில ஏழு மணிக்குப் போனா பொழுது சாஞ்சுதான் வரீங்க. பாவம், நாள் பூரா தனியா என்ன பண்ணும்?"

நியாயமாகத்தான் பேசினாள். அதுதான் கஷ்டம். "உங்கம்மா நாய். உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவதுபோலச் சமையலறைக்குப் போனான்.

இஷ்டமாவது மண்ணாவது! அது இங்கேயே இருக்கட்டும் என்று சொல்ல நாக்கு துடித்தது. பதினோரு வயது நாயை இனி யார் வந்து கூட்டிப்போவார்கள்? கம்பிக் கூண்டுக்குள் கிடந்தே அதன் காலம் முடிந்துவிடும். ஆனால் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கேட்பது? ஏழு வருடமாக அதைத் தன் அறைக்குள் கால் வைக்க விடாதவன் அவன்.

அது வந்த கதை அப்படி. லிஃப்ட் குழியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஐந்து மாதம் படுக்கையில் கிடந்தான். எலும்பு கூடிவிட்டது, எழுந்து நடக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் எழவில்லை. கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாதவன். வேலை ஒன்றுதான் இருந்தது, அதுவும் போனதென்று முடிவு கட்டிவிட்டான். சுவரைப் பார்த்துப் படுத்தவன் படுத்தவன்தான். காலையில் போய்ச் சாயங்காலம் வரும் அக்கா, வைத்துவிட்டுப் போன சாப்பாட்டை அப்படியே எடுத்துக் கொட்டுவாள். ஒருநாள் கூடவே ஒரு நாய் வந்தது.

"இது யாருக்கு?"

"எனக்குத்தான். உன் முதுகையே பாத்துப் பாத்துப் பைத்தியம் பிடிக்குது. பேச ஒரு ஜீவன் வேணாமா?"

"என் ரூமுக்குள்ள கால் வச்சுதுன்னா அன்னிக்கே திருப்பி அனுப்பிடுவேன், சொல்லிட்டேன்."

அந்த நாய் என்ன செய்தது தெரியுமா? அக்காவை விட்டுவிட்டு நேராக அவன் அறைக்கு வந்தது. செருப்பை எடுத்து வீசினான். வாசலிலேயே நின்றது. நிலைப்படியில் தாடையை வைத்துப் படுத்து அவனையே பார்த்தது. மறுநாளும் பார்த்தது. அதற்கடுத்த நாளும் பார்த்தது. "என்ன, மேஸ்திரி மாதிரி நின்னு மேற்பார்வை பாக்குறியா?" என்று கத்திக்கொண்டு, கதவைச் சாத்தத்தான் அவன் முதன்முதலில் கட்டிலைவிட்டு எழுந்தான். அடுத்த வாரம் அதை விரட்டிக்கொண்டு சமையலறை வரை போனான். அடுத்த மாதம் தெருமுனை வரை. மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கியபின், தினமும் மாலையில் அவன் உள்ளே நுழைந்ததும் சட்டைக் காலரில் ஆரம்பித்து ஷூ வரை மோந்து பார்த்த பிறகுதான் வழிவிடும். "கம்பெனி கேட் வாசல்ல செக்கிங் மாதிரி! எதையாவது திருடிக்கிட்டு வந்துட்டேனா?" என்பான். அக்கா விழுந்து விழுந்து சிரிப்பாள். செக்கிங் முடியும்வரை அவன் நகராமல் நிற்பான் என்பதும் உண்மைதான்.

அழைப்பு மணி அடித்தது. காப்பகத்து அம்மா ஒரு கையில் கயிறும் இன்னொரு கையில் பழைய கோப்புமாக மூச்சு வாங்க நின்றிருந்தாள். "லிஃப்ட்டைப் பாத்தேன், பயந்துட்டுப் படியேறிட்டேன்" என்றாள். பிறகு அக்கா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கம்மா தங்கமான மனுஷிம்மா. வருஷா வருஷம் கிழிஞ்ச படுக்கை விரிப்பெல்லாம் வெள்ளைவெளேர்னு துவைச்சு மூட்டையாக் கொண்டுவந்து குடுப்பாங்க" என்றாள்.

மேஸ்திரி தம்பியின் அறை வாசலில் படுத்திருந்தது. கயிற்றைப் பார்த்ததும் எழுந்து நின்றது. பார்வை மட்டும் கயிற்றின் மேல் இல்லை, தம்பி மேல் இருந்தது.

"கிளம்புவோமா ராஜா?" என்று குனிந்து கழுத்தில் கயிற்றை மாட்டினாள் அந்த அம்மா. "மெத்தையையும் எடுத்துக் குடுத்துடும்மா. அந்தச் சட்டையை அதுக்குள்ளதான் வச்சிருக்கேன்னு உங்கம்மா சொல்லுவாங்க."

"எந்தச் சட்டை?" என்றான் தம்பி.

"வாசனைச் சட்டைங்க. நாயைக் கொடுக்கறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே, கூட்டிட்டுப் போறவங்க போட்டுக் கழட்டின துணி ஒண்ணைத் துவைக்காம வாங்கி அதோட கூண்டுல போட்டுடுவோம். மோந்து மோந்து பழகிக்கும். புது வீட்டுக்குப் போனா அந்த வாசனை யார்கிட்ட வருதோ அவங்கதான் தன்னோட ஆளுன்னு ஒட்டிக்கும். நீங்கதான தம்பி? உங்க சட்டையைத்தானே குடுத்தாங்க!"

"என் சட்டையா? நாய் அக்காவுக்குத்தானே?"

அந்த அம்மா கோப்பைத் திறந்து நீட்டினாள். 'துணி யாருடையது' என்ற கேள்விக்கு எதிரே அக்காவின் கோணல் கையெழுத்து: தம்பியுடையது.

"நானும் சண்டை போட்டேன், உங்க துணியைக் குடுங்கன்னு. 'என் துணியில சோப்பு வாசனைதாங்க வரும்'னு சிரிச்சாங்க. அப்புறம் சொன்னாங்க, 'வீட்டுல ஒருத்தன் சுவத்தைப் பாத்துப் படுத்துக் கெடக்கான். நாய் அவனுக்குத்தான். கேட்டா வேண்டாம்பான், ரோஷக்காரன். அதனால எனக்குன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போறேன், நீங்களும் காட்டிக் குடுத்துடாதீங்க'ன்னு. இன்னிக்கு நானே உளறிட்டேன்."

கூடத்து மூலையில் கிடந்த மெத்தை அருகே தம்பி மண்டியிட்டு உட்கார்ந்தான். மேலுறை பளிச்சென்று இருந்தது. ஞாயிறு தவறாமல் அதைக் கழற்றித் துவைத்துக் காயவைத்து மறுபடி மாட்டுவாள் அக்கா. உள்ளே இருப்பதை மட்டும் யாரையும் தொடவிட மாட்டாள். உறையின் பொத்தான்களைக் கழற்றிக் கையை விட்டான்.

படுக்கையில் கிடந்த நாட்களிலும் அவன் போட்டிருந்த காக்கி வேலைச் சட்டை. பையில் ஒரு கறுப்புப் பொத்தான், மற்றதெல்லாம் வெள்ளை. வலது கையில் அப்படியே கிரீஸ் கறை. இந்தச் சட்டையைக் காணோமென்று எத்தனை சண்டை! "ஆஸ்பத்திரி பூராவுக்கும் துவைக்கிறவளுக்குத் தம்பி சட்டையைப் பத்திரமா வச்சுக்கத் தெரியலை" என்று நாலு பேர் வந்தால் நாலு பேரிடமும் சொல்லிக் காட்டுவான். ஏழு வருடமும் அக்கா வாயைத் திறக்கவில்லை.

"அம்மாவா இதை இப்படி விட்டு வச்சா?" என்றாள் அக்கா மகள். "ஒரு கைக்குட்டை அழுக்கா இருந்தாத் தூங்கமாட்டாளே மாமா!"

தம்பி சட்டையை முகத்தில் அழுத்திக்கொண்டான். நேற்றிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. மேஸ்திரி கயிற்றை இழுத்துக்கொண்டு வந்து அவன் முழங்கையில் மூக்கை வைத்தது.

கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பேனா இருந்தாக் குடுங்கம்மா" என்றான்.

"எதுக்குங்க?"

"அந்தத் தாள்ல அக்கா பேருக்குப் பக்கத்துல என் பேரைப் போட்டுக்கறேன்."

"மாமா, நீங்க வேலைக்குப் போயிட்டா?"

"மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்து கீழ கூட்டிட்டுப் போயிட்டு வரேன்."

"நாலு மாடி மாமா! அதுக்கும் வயசாச்சு."

"லிஃப்ட் எதுக்கு இருக்கு? எங்க ரெண்டு பேருக்கு எடம் பத்தும்."

கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டு, "புதுசாத் துணி ஏதாவது தரணுமா?" என்று கேட்டான். காப்பகத்து அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி வேண்டாம் என்று தலையாட்டினாள். நாயின் கழுத்திலிருந்து கயிற்றை அவளே கழற்றினாள்.

அவள் போன பிறகு தம்பி சட்டையைப் பழையபடி மடித்து உள்ளே வைத்தான். அக்கா அளவுக்கு மடிப்பு வரவில்லை. பொத்தான்களைப் போட்டு, மெத்தையைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் போட்டான்.

மேஸ்திரி வாசலில் நின்றது. மெத்தையைப் பார்த்தது, அவனைப் பார்த்தது. பிறகு வழக்கம்போல நிலைப்படியில் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது.

"வாடா, உள்ள வா."

வரவில்லை. வாலை மட்டும் ஒருதரம் ஆட்டியது. அதைச் சொல்லிக் குற்றமில்லை. தான் பார்த்துக்கொண்டிருந்தால் வராது என்று அவனுக்குத் தோன்றியது. கட்டிலில் ஏறி, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். ஜன்னல் வெயில் சுவரில் பாதி உயரத்துக்கு ஏறியிருந்தது. அடுத்த அறையில் அக்கா மகள் அலமாரியைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

ரொம்ப நேரம் கழித்துத் தரையில் நகம் படும் ஓசை. ஒன்று, இரண்டு. நின்றது. பிறகு மறுபடியும்.

சட்டைக் காலரில் சூடான மூச்சு பட்டது. காலரில் ஆரம்பித்துக் கால் வரை மேஸ்திரி மோந்து முடிக்கும்வரை அவன் அசையாமல் கிடந்தான்.